நகராட்சியின் விவசாய நிலத்தைக் குத்தகைக்கு விடுவது எப்படி: மண்ணும் கெடாமல், தகராறும் வராமல்

பழைய குத்தகைப் பத்திரத்தை எடுத்து, தேதியையும் பெயரையும் மாற்றி, நடுவில் ‘இயற்கைக்கு உகந்த முறையில் சாகுபடி செய்ய வேண்டும்’ என்று ஒரு வரியைச் செருகி, ஏல அறிவிப்பை ஒட்டிவிடுவது. நகராட்சி நிலத்தை முதல்முறை கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிக்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். சில வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தால் மேல்மண் வாய்க்காலுக்குள் கிடந்தது, அந்த ஒரு வரியை வைத்து யாரையும் எதுவும் கேட்க முடியவில்லை. எது உகந்த முறை என்று நாங்களே எழுதி வைக்கவில்லையே.

கீழே இருப்பது நிலத்தைக் கொடுக்கும் பக்கத்தில் இருப்பவர்களுக்காக எழுதியது. எடுக்கப்போகிறவர்களும் படிக்கலாம், எதிரில் இருப்பவர் என்ன கேட்பார் என்று தெரியும். வரிசையை மட்டும் கலைக்காதீர்கள்: நிலம், மண், காலம், தொகை, நிபந்தனை, கடைசியில்தான் ஆள். ஆளைப் பிடித்துவிட்டு நிபந்தனை எழுத உட்கார்ந்தால் நிபந்தனை அந்த ஆளுக்கு ஏற்றபடி வளைந்துவிடும். தொகையை முடிவு செய்துவிட்டு மண்ணைச் சோதித்தால், சோதனையில் என்ன வந்தாலும் எதுவும் மாறப்போவதில்லை. அறிவிப்பு வெளியிடும் நாளுக்குக் குறைந்தது எட்டு மாதம் முன்பே தொடங்குங்கள்.

1. நிலப் பட்டியலை நகரத் திட்டத்தோடு ஒட்டிப் பாருங்கள்

நகராட்சி பெயரில் இருக்கும் விவசாய நிலம் ஒவ்வொன்றும் நகர வளர்ச்சித் திட்டத்தில் எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். சாலைக்கோ பள்ளிக்கோ கழிவுநீர் நிலையத்துக்கோ ஒதுக்கியிருக்கிறார்களா? மூன்று கட்டாகப் பிரித்துக்கொண்டால் போதும்: இருபது வருஷத்துக்கு யாரும் தொடப்போவதில்லை என்பவை, சொல்ல முடியாதவை, நாலைந்து வருஷத்தில் கட்டடம் வந்துவிடும் என்பவை. மண்ணைத் தேற்றும் நீண்டகாலக் குத்தகை முதல் கட்டுக்கு மட்டும்தான். மூன்றாவது கட்டைப் பருவத்துக்குப் பருவம் விடலாம், ஆனால் அதை மறைக்காமல் சொல்லிவிட்டு விடுங்கள். ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று பழமரம் வைக்க விட்டுவிட்டு, பின்னால் புல்டோசரோடு போய் நிற்கக்கூடாது.

பிறகு நேரில் போங்கள், ஒருமுறை விதைப்புச் சமயத்தில், ஒருமுறை அறுவடை முடிந்தபின். கோப்பில் ‘தரிசு’ என்று இருக்கும் இடத்தில் யாரோ ஒருவர் எத்தனையோ வருஷமாக ஆடு மேய்த்துக்கொண்டிருப்பார், கையில் ஒரு துண்டுத் தாளும் இருக்காது. உலக உணவுப் பாதுகாப்புக் குழு 2012-இல் ஏற்றுக்கொண்ட நில உரிமை வழிகாட்டு நெறிகள், எழுத்தில் இல்லாத பயன்பாட்டு உரிமைகளையும் கணக்கில் எடுக்கச் சொல்கின்றன. நெறியை விடுங்கள், நடைமுறைக் காரணமே போதும். அவரிடம் பேசாமல் வேலி போட்டால் அந்த வேலி நிற்காது.

எல்லைக்கல், பாதை, கிணறு, மண்ணுக்கடியில் ஓடும் குழாய், மேலே போகும் மின்கம்பி எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் குறியுங்கள். பின்னால் இதுதான் பத்திரத்தின் முதல் இணைப்பு.

2. மண்ணைச் சோதியுங்கள்: முதலில் நஞ்சு, பிறகு சத்து

நகரத்தை ஒட்டிய நிலத்தில் வளம் இருக்கிறதா என்று கேட்பதற்கு முன் உணவுப்பயிர் வைக்கலாமா என்று கேட்கவேண்டும். பழைய குப்பைமேடு, தோல் பதனிட்ட இடம், பெயின்ட் உதிர்ந்த கட்டடம் இருந்த மனை, கழிவுநீர்க் கசடு கொட்டிய வயல், நெரிசலான சாலையோரம் போன்ற இடங்களில் ஈயம், காட்மியம், குரோமியம் இருக்க வாய்ப்புண்டு. ஈயம் மழையோடு கீழே இறங்கிப் போய்விடாது, மேல்மண்ணிலேயே தங்கும். கார்களுக்கு ஈயம் கலந்த பெட்ரோல் விற்பது உலகம் முழுக்க நின்றது 2021-இல்தான், அதற்கு முன் சாலையோரத்தில் படிந்தது இன்னும் அங்கேயே இருக்கிறது. கீரை, கிழங்கு வகைகளில் ஆபத்து அதிகம், பழங்களில் குறைவு. சந்தேகமான துண்டை நார்ப்பயிருக்கோ மரத்துக்கோ ஒதுக்கலாம்.

இந்தச் செலவு நகராட்சியுடையது. குத்தகைதாரர் தலையில் கட்டினால் அவர் செய்யமாட்டார், செய்தாலும் மோசமான முடிவைக் கொண்டுவந்து காட்டமாட்டார்.

நஞ்சு இல்லை என்று தெரிந்தபின் ஆரம்ப அளவீடு. ஒரே மாதிரி மண்ணுள்ள ஒவ்வொரு துண்டிலும் கோணல்மாணலாக நடந்து 10 முதல் 15 இடங்களில் சருகை ஒதுக்கிவிட்டு, ‘வி’ வடிவில் 15 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டுங்கள். குழியின் சுவரில் மேலிருந்து அடிவரை ஒரே கனத்தில் ஒரு சீவல் எடுக்கவேண்டும். வரப்போரம், மரத்தடி, எருக்குவியல் கிடந்த இடம் வேண்டாம். எல்லாவற்றையும் பிளாஸ்டிக் வாளியில் கலந்து, பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர் பகுதிகளைத் தள்ளிக்கொண்டே வந்தால் அரைக் கிலோ மிஞ்சும். துருப்பிடித்த இரும்புச் சட்டியில் கலந்து அனுப்பிவிட்டு, மண்ணில் இரும்புச்சத்து ஏராளம் என்று சந்தோஷப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நான் ஏமாந்த கதை ஒன்று. முதல் அறிக்கையில் 0.60 சதவீதம், ஐந்து வருஷம் கழித்து வந்ததில் 1.03. கூட்டத்தில் கைதட்டல்கூட விழுந்தது. அன்று இரவு இரண்டு தாளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், முதல் ஆய்வகம் எழுதியிருந்தது அங்ககக் கரிமம், இரண்டாவது எழுதியிருந்தது அங்ககப் பொருள், அதாவது மண்ணில் மட்கிய தழை, எரு எல்லாம் சேர்ந்தது; கரிமம் அதில் ஒரு பகுதிதான். கரிமத்தை 1.724 ஆல் பெருக்கினால் அங்ககப் பொருளின் அளவு வரும், அதுதான் வழக்கமான கணக்கு. 0.60-ஐப் பெருக்கிப் பாருங்கள். மண்ணில் ஒரு மாற்றமும் இல்லை.

அதனால் ஒரே ஆய்வகம், ஒரே முறை, ஒரே மாதம், ஒரே ஆழம் என்று பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். அமிலத்தில் கரைத்துப் பார்க்கும் முறையும் எரித்துப் பார்க்கும் முறையும் ஒரே மண்ணுக்கு வேறுவேறு எண் கொடுக்கும். கரிமம் மெதுவாகத்தான் ஏறும், எனவே வருஷாவருஷம் அளப்பது வீண்செலவு. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை போதும்.

இடைப்பட்ட வருஷங்களுக்கு மண்வெட்டி இருக்கிறது. ஈரம் இருக்கும் சமயத்தில் நீளம், அகலம், ஆழம் மூன்றும் 20 செ.மீ. வரும்படி ஒரு கட்டி வெட்டி எடுத்து, சாக்கில் போட்டு உடைத்து, மண்புழுக்களை எண்ணுங்கள். நன்றாகக் காய்ந்த ஒரு சிறு மண்கட்டியைக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் மெல்ல இறக்குங்கள். நல்ல மண் அப்படியே நிற்கும், உழுது உழுது களைத்த மண் சில நிமிஷத்தில் கரைந்து சேறாகிவிடும். 15 செ.மீ. விட்டமுள்ள இரும்பு வளையத்தைத் தரையில் அடித்து 440 மி.லி. தண்ணீர் ஊற்றினால் அது இரண்டரை செ.மீ. மழைக்குச் சமம், எத்தனை நிமிஷத்தில் உள்ளே போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்த மூன்றையும் குத்தகைதாரர் பக்கத்தில் இருக்கும்போதே செய்யவேண்டும். ஆய்வக அறிக்கையை நம்பாதவர்கூடக் குவளையை நம்புவார்.

3. குத்தகைக் காலத்தை முடிவு செய்யுங்கள்

ஒரு வருஷக் குத்தகை எடுத்தவர் மண்ணுக்கு எருப் போடமாட்டார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அடுத்த வருஷம் வேறொருவன் வயலுக்கு நான் ஏன் போடவேண்டும் என்பது சரியான கேள்விதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் இயற்கை வேளாண்மைச் சான்றிதழுக்கு ஓராண்டுப் பயிர் என்றால் விதைப்புக்கு முன் 2 வருஷம், பழமரம் என்றால் முதல் அறுவடைக்கு முன் 3 வருஷம் மாறுகாலம் வேண்டும், அதாவது சான்றிதழ் வருவதற்கு முன்பே இயற்கை முறையில் பயிரிடும் காலம். அமெரிக்காவில் 36 மாதம். அந்தக் காலத்தில் விளைச்சல் குறையும், சான்றிதழ் விலையும் கிடைக்காது. மூன்று வருஷத்துக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு ‘இயற்கை முறைக்கு மாறு’ என்றால், நஷ்டத்தை நீ ஏற்று லாபத்தை அடுத்தவருக்குக் கொடு என்றுதான் அர்த்தம்.

என் பரிந்துரை பத்து முதல் பன்னிரண்டு வருஷம், ஐந்தாம் வருஷம் மறுபார்வை. நீட்டிப்பு உண்டா இல்லையா என்பதை முடிவதற்கு இரண்டு வருஷம் முன்பே எழுத்தில் சொல்லிவிடவேண்டும். சொல்லாமல் இழுத்தடித்தால் கடைசி இரண்டு வருஷம் நிலத்தைக் கசக்கிப் பிழிந்துவிட்டுப் போவார்கள், முந்தைய எட்டு வருஷ உழைப்பு அதில் போய்விடும்.

தொடங்கும் தேதியிலும் கவனம் வேண்டும். நான் பார்த்த ஒரு அலுவலகத்தில் எல்லாக் குத்தகையும் நிதியாண்டின் கடைசி நாளில் முடியும், கணக்கு எழுதுபவருக்கு அது வசதி. வயலில் அன்று பயிர் பூத்து நின்றது. பழையவர் அறுவடை வரை விடுங்கள் என்கிறார், புதியவர் இன்றே வேண்டும் என்கிறார், இருவர் கையிலும் முத்திரை குத்திய தாள். குத்தகை ஆண்டை அறுவடை முடிந்து நிலம் சும்மா கிடக்கும் நாளிலிருந்து தொடங்குங்கள். கணக்குப் புத்தகம் அதற்கேற்ப நகரட்டும்.

4. குத்தகைத் தொகை

அதிகம் கேட்பவருக்கே நிலம் என்று ஏலம் விட்டால், அந்தத் தொகையை எடுக்கும் வழி மண்ணிலிருந்து பிடுங்குவது ஒன்றுதான். தொகை ரொம்பக் குறைவாக இருந்தாலும் ஆபத்து உண்டு: எடுத்தவர் தான் உழாமல் உள்குத்தகைக்கு விட்டு வித்தியாசத்தைச் சாப்பிடுவார். எனவே தொகையை நகராட்சியே நிர்ணயித்துவிட்டு, போட்டியைச் சாகுபடித் திட்டத்தில் வைப்பது நல்லது. சுற்றுவட்டாரத்தில் தனியார் நிலங்கள் என்ன குத்தகைக்குப் போகின்றன என்று விசாரித்து, நடுவிலிருந்து சற்றுக் கீழே வையுங்கள்.

ஏன் கீழே? நிபந்தனைகளுக்கு விலை உண்டு. ஓடையோரம் ஐந்து மீட்டர் உழாமல் விடு என்றால் அவ்வளவு விளைச்சல் போகிறது, அதற்கும் சேர்த்துக் குத்தகை வாங்குவது நியாயமில்லை. மியூனிக் நகரம் தன் குடிநீர் வரும் மாங்ஃபால் பள்ளத்தாக்கில் 1992 முதல் இயற்கை வேளாண்மைக்கு மாறும் விவசாயிகளுக்குப் பணம் கொடுத்தது. வெறும் தடை உத்தரவோடு நின்றுவிடவில்லை. கையில் பணம் இல்லாத நகராட்சி குத்தகையைக் குறைக்கலாம்: முதல் இரண்டு வருஷம் பாதி, பிறகு முழுத்தொகை.

பத்து வருஷத்துக்கு ஒரே தொகை வேண்டாம். விலைவாசிக் குறியீட்டோடு கட்டிவிடுங்கள், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தானாக மாறட்டும். இல்லையென்றால் ஒவ்வொரு மாற்றமும் ஒரு பேரமாகும்.

5. நிபந்தனைகளை எழுதுவது

இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். ஒரு நிபந்தனை எழுதியதும் உங்களை நீங்களே கேளுங்கள்: பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வயலில் நிற்கிறேன், இது நடந்திருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்தோ ஒரு பதிவேட்டைப் புரட்டியோ சொல்ல முடியுமா? முடியாது என்றால் அடித்துவிடுங்கள்.

‘மண்வளத்தைப் பேண வேண்டும்’ என்பது அடிக்கவேண்டிய வரி. அதற்குப் பதிலாக: ‘அறுவடை முடிந்த 30 நாளுக்குள் அடுத்த பயிரோ பசுந்தாள் பயிரோ விதைக்கப்பட்டிருக்க வேண்டும், தண்ணீர் இல்லாத காலத்தில் பயிர்த்தாளை நிற்கவிட வேண்டும் அல்லது மூடாக்கு போட வேண்டும்.’ வெறும் மண்ணில்தான் மழை அரிக்கும், வெயில் காய்ச்சும். ‘நீர்நிலைகளை மாசுபடுத்தக்கூடாது’ என்பதும் அப்படித்தான். ‘ஓடையிலிருந்து ஐந்து மீட்டருக்கு உழவும் உரமும் மருந்தும் கிடையாது, அந்த ஐந்து மீட்டரில் எப்போதும் புல் இருக்க வேண்டும்’ என்று எழுதினால் ஒரு டேப் போதும்.

பயிர்ச் சுழற்சிக்கு ‘மாற்றி மாற்றிப் பயிரிடவும்’ போதாது. ஒரே குடும்பப் பயிர் ஒரே துண்டில் அடுத்தடுத்து இரண்டு தடவைக்கு மேல் வரக்கூடாது, மூன்று வருஷத்தில் ஒருமுறையாவது பயறுவகை வரவேண்டும் என்று எண்ணைப் போட்டு எழுதுங்கள். சரிவான நிலத்தில் உழவு சரிவுக்குக் குறுக்கே. தாளை எரிப்பது கூடாது. எந்தெந்தப் பூச்சிமருந்து, களைக்கொல்லி கூடாது என்பதைப் பெயர்ப் பட்டியலாகவே இணையுங்கள், ‘தீங்கானவை’ என்று பொதுவாக எழுதாதீர்கள். உள்குத்தகை முன்அனுமதி இல்லாமல் கிடையாது.

ஈர மண்ணில் டிராக்டர் இறக்குவதற்கு ஒரு விதி வேண்டும், ஏனென்றால் ஒருமுறை இறுகிய அடிமண் தேற வருஷங்கள் ஆகும். உழவு ஆழத்திலிருந்து ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் உருட்டச் சொல்லுங்கள். கயிறு மாதிரி நீண்டால் காத்திருக்கவேண்டும், உதிர்ந்தால் இறக்கலாம். தேதி போட்டுத் தடுப்பதைவிட இது மேல், மழை தேதி பார்த்து வருவதில்லை.

நகராட்சியின் பக்கத்து நிபந்தனைகளையும் எழுதுங்கள். பாதையைப் பராமரிப்பது யார், தண்ணீருக்கு மீட்டர் யார் பெயரில், மோட்டார் பழுதானால் யார் செலவு. குப்பையிலிருந்து செய்த உரத்தை இலவசமாகக் கொடுக்கிறோம் என்று வாக்குக் கொடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: குளோபைராலிட், அமினோபைராலிட் மாதிரியான களைக்கொல்லிகள் புல்லிலும் சாணத்திலும் ஒட்டிவந்து மட்கினாலும் போகாமல் இருக்கும். ஒவ்வொரு லோடிலிருந்தும் கொஞ்சம் எடுத்து மண்ணோடு கலந்து மூன்று தொட்டியில் அவரை விதை போடுங்கள், பக்கத்தில் உரம் கலக்காத மூன்று தொட்டி. இரண்டு மூன்று வாரத்தில் உரத் தொட்டியில் மட்டும் தளிர் கிண்ணம்போல் சுருண்டால் அந்த லோடு வயலுக்குப் போகக்கூடாது.

நகரத்துக்கு நிலம் திடீரென்று தேவைப்பட்டால் என்ன என்பதற்கும் ஒரு பத்தி வேண்டும். குறைந்தது ஒரு முழுப் பயிர்ப் பருவ அவகாசம், முழு நிலமும் இல்லாமல் தேவையான துண்டு மட்டும், நிற்கும் பயிருக்கும் மிச்சமிருக்கும் முதலீட்டுக்கும் ஈடு. ‘எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம்’ என்ற வரி இருந்தால் மேலே எழுதிய பன்னிரண்டு வருஷத்துக்கு அர்த்தமே இல்லை.

எல்லாம் சேர்த்து ஒரு பக்கத்துக்குள் வரட்டும். நாற்பது நிபந்தனை உள்ள பத்திரத்தை யாரும் படிப்பதில்லை, கொடுத்தவர் உட்பட.

6. ஆளைத் தேர்ந்தெடுப்பது

மதிப்பெண் பட்டியலை அறிவிப்போடு சேர்த்தே வெளியிடுங்கள், பிறகு மாற்றாதீர்கள். பயிர்த் திட்டம், மண் மேலாண்மை, அனுபவம், கருவி வசதி, விளைச்சலை எங்கே விற்கப்போகிறார் என்று நாலைந்து தலைப்பு போதும். புதியவர்களுக்குத் தனிக்கணக்கு வேண்டும். இல்லையென்றால் ஏற்கெனவே நிலம் வைத்திருப்பவரே ஒவ்வொரு முறையும் ஜெயிப்பார். விண்ணப்பத்தில் அழகாக எழுதுபவர் வேறு, உழுபவர் வேறு. ஆகவே கடைசி நான்கைந்து பேரை நிலத்துக்கே கூட்டிப்போய், இந்தத் துண்டில் முதல் வருஷம் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். குனிந்து மண்ணை எடுத்துப் பார்க்கிறவர்களைக் கவனியுங்கள்.

7. ஒப்படைக்கும் நாள்

கையெழுத்துக்கு முன் இரு தரப்பும் நிலத்தைச் சுற்றி நடந்து ஒரு நிலைக்குறிப்பு தயாரிக்கவேண்டும்: மண் அறிக்கை, மண்வெட்டிச் சோதனை முடிவு, வேலி, கிணற்று நீர்மட்டம், மோட்டார் மீட்டர் எண், இருக்கும் மரங்கள், பார்த்தீனியம் மாதிரியான களை பரவியிருக்கும் பரப்பு. ஆறேழு இடங்களில் கல் நட்டு, ஒவ்வொரு கல்லிலிருந்தும் ஒரே திசையில் புகைப்படம். இருவரும் கையெழுத்திட்டு இரண்டு பிரதி. இதைச் செய்யாமல் விட்டால், பத்து வருஷம் கழித்து ‘நான் வரும்போதே இப்படித்தான் இருந்தது’ என்று அவர் சொல்வதை மறுக்க உங்களிடம் எதுவும் இருக்காது.

8. வருஷத்துக்கு ஒரு நடை

அலுவலகத்திலிருந்து ஒருவர், குத்தகைதாரர், முடிந்தால் பக்கத்து நிலத்து விவசாயி ஒருவர். அதே மாதம், அதே கற்கள், அதே படங்கள். பதிவேட்டில் பயிர், உழவு, உரம், மருந்து நான்கும் தேதியோடு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு மணி நேர வேலை. சொல்லாமல் போய்க் கையும் களவுமாகப் பிடிக்கும் ஆசை சிலருக்கு வரும், வேண்டாம். அப்படிப் போனால் அடுத்த தடவையிலிருந்து பதிவேடு பொய் சொல்ல ஆரம்பித்துவிடும்.

நிபந்தனை மீறல் தெரிந்தால் முதலில் எழுத்தில் சொல்லி ஒரு பருவம் அவகாசம் கொடுங்கள், பிறகு குத்தகைதாரர் கட்டிய வைப்புத்தொகையில் பிடித்தம், மூன்றாவதுதான் ரத்து. நேராக ரத்துக்குப் போகும் பத்திரத்தை யாரும் பயன்படுத்துவதில்லை, ஏனென்றால் சின்னத் தப்புக்கு அவ்வளவு பெரிய தண்டனை கொடுக்க அதிகாரிக்கே மனம் வராது. கடைசியில் எந்தத் தப்புக்கும் எதுவும் நடக்காது.

9. குத்தகை முடியும்போது

குத்தகைதாரர் போட்ட முதலீட்டில் மிச்சமிருக்கும் மதிப்பைத் திருப்பித் தரும் கணக்கு முதல் நாளே பத்திரத்தில் இருக்கவேண்டும். எளிமையாக வையுங்கள்: சொட்டுநீர் அமைப்புக்கு ஆயுள் பத்து வருஷம் என்று ஒப்புக்கொண்டால், ஆறாம் வருஷ முடிவில் போகிறவருக்கு நாற்பது சதவீதம். வேலி, மரக்கன்று, மண் திருத்தச் சுண்ணாம்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆயுள். முன்கூட்டி எழுத்தில் ஒப்புதல் பெற்ற முதலீட்டுக்கு மட்டும்தான் இது, இல்லையென்றால் கடைசி வருஷம் ரசீதுகள் மழையாகக் கொட்டும். எதிர்ப்பக்கமும் உண்டு: ஒப்படைத்த நாளைவிட நிலம் மோசமாகியிருந்தால் வைப்புத்தொகையில் கழியும், அதற்கு அளவுகோல் நிலைக்குறிப்பும் ஐந்து வருஷ மண் அறிக்கைகளும்.

புதியவர் வந்தபின் பழையவரைத் தேடிப்பிடிப்பது கடினம். எனவே கடைசி அறுவடைக்கும் ஒப்படைப்புக்கும் நடுவில் ஒரு மாத இடைவெளி வைத்து, அந்த மாதத்திலேயே மூன்று பேரும் ஒன்றாக நடந்து, அதே கற்களில் நின்று படம் எடுத்து, மோட்டார் மீட்டரைக் குறித்து, கிணற்றுச் சாவியைக் கைமாற்றுங்கள். பதிவேட்டையும் புதியவரிடம் கொடுக்க மறக்காதீர்கள். எந்தத் துண்டில் தண்ணீர் தேங்கும், எங்கே எந்தக் களை முளைக்கும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது.